பிள்ளைகளின் கதை ஏன் ‘அப்புறம், அப்புறம்’ என்றே நகர்கிறது?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் 7ஆம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். கதை எழுதச் சொன்னால் பிள்ளைகள் நடந்ததை வரிசையாக எழுதுகிறார்கள். முடிக்கத் தெரியாமல் ‘எல்லாம் கனவு’ என்று முடித்துவிடுகிறார்கள். கதை அமைப்பை எப்படிச் சொல்லித் தருவது? அவர்கள் கதைகளைத் தொகுப்பு நூலாகப் போடுவதாகச் சொல்லி ஒருவர் ஆளுக்கு 500 ரூபாய் கேட்கிறார். சேர்க்கலாமா?

பதில்: கரும்பலகையில் முக்கோணம் போட்டிருந்தால் முதலில் அதை அழித்துவிடுங்கள், டீச்சர். தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என்று பயிற்சிக் கையேடுகளில் வருகிறதே, அது குஸ்தாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானியர் 1863இல் ஐந்து அங்க நாடகங்களுக்காகப் போட்ட படம். ஒன்றரைப் பக்கம் எழுதும் பிள்ளைக்கு அது எதற்கு? படத்தை அழகாக வரைந்து பெயர் குறிப்பார்கள். கதை வராது.

எழுத வைப்பதற்கு முன் வாயால் மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்கு என்ன வேண்டும்? எது குறுக்கே வந்தது? அதற்கு அவர் என்ன செய்தார்? மூன்றாவதற்குப் பதில் கிடைக்கும்வரை பேனாவை எடுக்க விடாதீர்கள். ‘எல்லாம் கனவு’ என்று முடிப்பது பிள்ளையின் சோம்பேறித்தனம் இல்லை. கதைக்குள் யாரும் எந்த முடிவும் எடுக்காததால், முடிக்க அங்கே ஒன்றுமே இருக்காது.

ஓர் உதாரணம். ‘செல்வி ரேஷன் கடைக்குப் போனாள். அப்புறம் வரிசையில் நின்றாள். அப்புறம் பாமாயில் வாங்கினாள். அப்புறம் வீட்டுக்கு வந்தாள்.’ இதில் ஒரு பிழையும் இல்லை, கதையும் இல்லை. ஒவ்வொரு ‘அப்புறம்’ இருக்கும் இடத்திலும் ‘ஆனால்’ அல்லது ‘அதனால்’ போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். செல்வி கடைக்குக் கிளம்பினாள். ஆனால் வழியில் பாண்டி விளையாட நின்றதில் அம்மா கொடுத்த பணம் தொலைந்துவிட்டது. அதனால், கடை பூட்டியிருந்தது என்று வீட்டில் பொய் சொன்னாள். ஆனால் சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா பாமாயில் பாக்கெட்டோடு வாசலில் வந்து நிற்கிறார். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ‘இப்போது செல்வி என்ன செய்வாள்?’ என்று கேளுங்கள். முடிவு வகுப்பிலிருந்தே வரும், ஆளுக்கொரு முடிவாக. அத்தனையும் செல்லும்.

முதல் முறை எழுதிய படியைத் திருத்தும்போது எழுத்துப்பிழையைச் சுழிக்காதீர்கள். ஒற்று மிகுவதை இரண்டாம் படியில் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதை நிதானமாகப் படியுங்கள். தேர்வில் ‘குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக’ என்று வந்தால் நான் மேலே சொன்ன எதையும் முழுதாகச் செய்ய வேண்டாம். அங்கே ஆசை, தடை, முடிவு மூன்றையும் கேள்வித்தாளே தீர்மானித்துவிட்டது. திருத்துபவர் குறிப்புகள் எல்லாம் வந்திருக்கின்றனவா, அதே வரிசையில் வந்திருக்கின்றனவா, தலைப்பு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். குறிப்பில் நரி ஏமாந்தால் நரி ஏமாந்தே ஆக வேண்டும். குறிப்புக்கு ஒன்றிரண்டு வாக்கியம், நடுவில் ஒரே ஒரு உரையாடல், கடைசியில் கேட்டிருந்தால் மட்டும் நீதி. இது கதை எழுதும் பயிற்சியே இல்லை, விரித்தெழுதும் பயிற்சி. இரண்டையும் தனித்தனி நாளில் நடத்துங்கள், பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள். பிள்ளை சொந்தமாக யோசித்தால் மதிப்பெண் குறையும் என்ற நிலையில் ஒரு கேள்வியை வைத்துவிட்டு, மாணவர்களிடம் கற்பனைத்திறன் இல்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் வருத்தப்படுகிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

இனி அந்த 500 ரூபாய். வேண்டாம். இதை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் போதாது. சான்றிதழ், கேடயம், ‘உங்கள் பிள்ளை ஒரு நூலாசிரியர்’ என்ற பேச்சு, கூடவே ‘ஐஎஸ்பிஎன் எண்ணோடு வெளியாகிறது’ என்று ஒரு மிரட்டல். அந்த 13 இலக்க எண்ணை நம் நாட்டில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமே இல்லாமல் கொடுக்கிறது. அது புத்தகத்தை அடையாளம் காட்டும் எண், தரச்சான்று கிடையாது. இந்த வியாபாரத்தில் வாசகர் என்று யாரும் இல்லை. எழுதிய பிள்ளைகளின் பெற்றோர்தான் வாங்குகிறார்கள். 40 பிள்ளைகள் என்றால் 20,000 ரூபாய், கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டணத்தோடு ஏதாவது படிவம் நீட்டினால் இன்னும் கவனம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கதை எழுதிய பிள்ளைக்கே சொந்தம். உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்ற முடியும். அந்தப் படிவம் அதற்காகக்கூட இருக்கலாம். பெற்றோர் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். பணம் கேட்கும் ‘மாநில அளவிலான கதைப் போட்டி’களும் இதே ரகம்தான்.

அச்சில் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு நியாயமானது. அதற்குக் கையெழுத்துப் பத்திரிகை போதும். இரண்டாம் படியை வெள்ளைத்தாளில் எழுதச் சொல்லி, ஓவியம் வரையத் தெரிந்த பிள்ளையிடம் அட்டையைக் கொடுத்து, நடுவில் நூல் போட்டுத் தைத்து வாசிப்பு மூலையில் தொங்கவிடுங்கள். பின்பக்கம் இரண்டு தாளை வெறுமையாக விடுங்கள். படித்த பிள்ளைகள், எந்தக் கதையில் எந்த இடம் புரியவில்லை என்று அதில் எழுதட்டும்.