கடினமான ஹோலுக்கு ஏன் முதல் எண் தரவில்லை? ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் கேள்வி பதில்

கோல்ஃப் ஸ்கோர் கார்டில் ஒவ்வொரு ஹோலுக்கும் நேராக 1 முதல் 18 வரை ஓர் எண் அச்சாகியிருக்கும்; அதுதான் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ். ஹேண்டிகேப்பால், அதாவது ஆட்டத் திறனுக்கேற்ப ஒருவருக்குத் தரப்படும் எண்ணால், கிடைக்கும் சலுகை அடிகள் எந்த ஹோலில் வந்து விழும் என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இங்கே.

ஐயா, எங்கள் மைதானத்தில் 18ஆவது ஹோல்தான் மிகக் கடினம். ஆனால் அதற்கு இண்டெக்ஸ் 10 போட்டிருக்கிறார்கள். இது நியாயமா?

நியாயம்தான். இந்த எண்ணின் முக்கிய வேலை மேட்ச் பிளேயில், அதாவது ஒவ்வொரு ஹோலையும் யார் வெல்கிறார் என்று எண்ணும் ஆட்டத்தில், இருக்கிறது. ஒருவருக்கு ஹேண்டிகேப் 12, எதிராளிக்கு 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் இரண்டு அடி. அவை 14 உள்ளவருக்கு இண்டெக்ஸ் 1, 2 உள்ள ஹோல்களில் கிடைக்கும். இண்டெக்ஸ் 1 கடைசி ஹோலில் இருந்தால் என்ன ஆகும்? இரண்டு ஹோல் மீதமிருக்க மூன்று ஹோல் முன்னிலை பெற்றவர் 16ஆவது ஹோலிலேயே வென்றுவிடுவார். தோற்றவர் தனக்கு உரிய சலுகையைத் தொடாமலே வீடு திரும்புவார். கொடுத்தும் கொடுக்காத கணக்குதான் அது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் 17ஆவது ஹோலான ரோடு ஹோலைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் அது 495 கெஜ நீளமுள்ள பார் 4, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஹோல். வலப்பக்கம் ஹோட்டல், குழி இருக்கும் புல்தரையான கிரீனுக்குப் பின்னால் சாலையும் கல் சுவரும். பெரிய ஆட்டக்காரர்களே அங்கே தடுமாறியிருக்கிறார்கள். அவ்வளவு கடினமான ஹோல் என்றாலும், 17ஆவதாக வருவதால் முதல் எண்ணுக்கு அது உகந்த இடமல்ல.

முதல் ஹோலுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. ஆட்டம் சமனாகி மறுபடி 1ஆவது ஹோலிலிருந்து தொடரும்போது, இண்டெக்ஸ் 1 அங்கே இருந்தால் ஒருவருக்கு எடுத்த எடுப்பிலேயே சலுகை கிடைத்துவிடும்.

அப்படியானால் கடினம் என்பதற்கு மதிப்பே இல்லையா?

நிறைய உண்டு; தொடக்கமே அதுதான். 2020இல் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் சேர்ந்து கொண்டுவந்த உலக ஹேண்டிகேப் முறை, ஒவ்வொரு ஹோலும் அதன் பாரோடு ஒப்பிட்டால் எவ்வளவு கடினம் என்பதை மைதான மதிப்பீட்டுத் தரவுகளைக் கொண்டு வரிசைப்படுத்தச் சொல்கிறது. அதன்பின் 18 ஹோல்களையும் மும்மூன்றாக ஆறு தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பாதியிலும் மிகக் குறைந்த எண் முடிந்தவரை நடுத் தொகுதியில், அதாவது 4 முதல் 6 வரை அல்லது 13 முதல் 15 வரையுள்ள ஹோல்களில் அமைய வேண்டும். சிறிய எண்கள் அடுத்தடுத்த ஹோல்களில் நெருக்கியடித்து நிற்கக் கூடாது. ஒவ்வொரு தொகுதியின் கூட்டுத்தொகையும் 27க்கும் 30க்கும் இடையில் இருப்பது நல்லது.

முதல் ஒன்பது ஹோல்களுக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: 7, 15, 5, பிறகு 17, 1, 9, பிறகு 11, 3, 13. எந்தத் தொகுதியைக் கூட்டினாலும் 27 வரும். சலுகை அடிகள் பாதை நெடுகிலும் பரவி வருவதால், ஆட்டம் எந்தக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய்ந்துவிடாது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒற்றைப்படை எண்கள் முன்பாதியில் ஏன்?

கிடைக்கும் அடிகள் இரண்டு பாதிக்கும் ஏறக்குறையச் சமமாகப் பிரியத்தான். பின்பாதி வெகுவாகக் கடினம் என்றால் ஒற்றைப்படையை அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

பார் 3 ஹோல்களுக்கு எப்போதும் 15, 17 என்றே வருகிறதே?

பெரும்பாலும் வரும், ஆனால் அது விதி அல்ல. நீண்ட பார் 4இல் இரண்டு அடிகளும் வலுவாக விழ வேண்டும். சாதாரண ஆட்டக்காரர் மூன்றாவது அடியில்தான் கிரீனை எட்டுவார். அங்கே அவருக்கு உதவி தேவை. குட்டையான பார் 3இல் அந்தத் தேவை குறைவு. ஆனால் தண்ணீரைத் தாண்டி 200 கெஜம் அடிக்க வேண்டிய பார் 3 வேறு ரகம். பார் 3 என்பதற்காகவே அதைக் கடைசிக்குத் தள்ளும் கமிட்டியோடு நான் வாதாடுவேன்.

எனக்கு மைதான ஹேண்டிகேப் 22. எப்படிப் பிரியும்?

18 ஹோலிலும் தலா ஓர் அடி. மீதி நான்கும் இண்டெக்ஸ் 1 முதல் 4 வரையுள்ள ஹோல்களில் இரண்டாவது அடியாக வரும். பிளஸ் ஹேண்டிகேப் உள்ள மிகத் திறமையான ஆட்டக்காரர் அடிகளைத் திருப்பித் தர வேண்டும். அது இண்டெக்ஸ் 18, 17, 16 என்று பின்னிருந்து முன்னோக்கிப் போகும்.

நான் மேட்ச் பிளே ஆடுவதே இல்லை. எனக்கு இந்த எண் எதற்கு?

நெட் மொத்தம், அதாவது சலுகையைக் கழித்த மொத்த அடிகள், மட்டும் பார்க்கும் போட்டியில் அது முடிவை மாற்றாது. ஒவ்வொரு ஹோலுக்கும் புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டில் மாற்றும். 1932இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டின் முறையில் போட்டி நடந்தது. அந்த முறையில் இன்று நெட் பாருக்கு இரண்டு புள்ளி. எந்த ஹோலில் சலுகை வருகிறது என்பதைப் பொறுத்துப் புள்ளி கூடும், குறையும்.

ஹேண்டிகேப் கணக்கிலும் அதற்கு வேலை உண்டு. உங்களுக்கு ஹேண்டிகேப் 9. இண்டெக்ஸ் 5 உள்ள பார் 4இல் ஒன்பது அடி எடுத்துவிட்டீர்கள். ஹேண்டிகேப்புக்குப் பதிவாகும் உச்சம் நெட் டபுள் போகி: பார் 4, கூடுதல் 2, சலுகை 1, ஆக 7. அதே ஹோலுக்கு இண்டெக்ஸ் 12 இருந்தால் 6.

பெண்களுக்குத் தனி வரிசை வேண்டுமா?

தனியாகவும் வைக்கலாம், பொதுவாகவும் வைக்கலாம். முதல் அடி அடிக்கும் இடமான டீ மாறும்போது ஹோலின் குணமே மாறிவிடுகிற மைதானங்களில் தனி வரிசைதான் சரி என்பேன்.

புகார் வரும்போதெல்லாம் எண்களை மாற்றலாமா?

வேண்டாம். டீ இடம் மாறினாலோ, புதுப் பங்கர் (மணல் குழி) வந்தாலோ, பார் மாறினாலோ மறுபரிசீலனை செய்யுங்கள். தேசிய சங்கத்தின் ஆலோசனையையும் கேளுங்கள். அப்போதும் ஓர் எண்ணை மட்டும் பிடுங்கி நடாமல், ஆறு தொகுதிகளையும் மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.