வைன் பாட்டில்ல ஏஓசி, டிஓசின்னு இருந்தா நல்ல வைனா?

பெங்களூர் கடைல ரெண்டாயிரம் மூவாயிரம் சொல்றான், ஏஓசின்னு போட்டிருக்கே நம்பி வாங்கலாமான்னு கேக்குறீங்க. ஏஓசி பிரான்ஸ் முத்திரை, டிஓசி இத்தாலி முத்திரை, ரெண்டுமே வைன் எந்த ஊர்ல, எந்த ரூல்படி பண்ணதுன்னு சொல்றதுதான். அதனால ஊரை நம்பலாம், ருசிக்கு அது கேரண்டி இல்ல.

நம்ம மதுரை மல்லிக்கு இருக்குற ஜிஐ (புவிசார் குறியீடு) மாதிரிதான். கேஆர் மார்க்கெட்டுல சாயங்காலம் வாடிப்போய் கிடந்தாலும் அது மதுரை மல்லிதானே!

இது சும்மா வந்த முத்திரை இல்லங்க. 1911ல பிரான்ஸ்ல ஷாம்பெயின் பக்கம் பெரிய கலவரமே நடந்துச்சு, வியாபாரிங்க வெளியூர் திராட்சைய கொண்டுவந்து ஷாம்பெயின்னு விக்கிறாங்கன்னு விவசாயிங்க கொதிச்சுட்டாங்க, அப்புறம் 1935ல தான் ஏஓசி சட்டம் வந்துச்சு, எந்த ஊர், எந்த திராட்சை, ஒரு ஹெக்டேருக்கு எவ்ளோ விளைச்சல் வரைக்கும் எல்லாத்துக்கும் ரூல். போலிய தடுக்க இது செம யூஸ், அதுல டவுட்டே இல்ல.

ஆனா சில நேரம் ரூலே கால்கட்டு ஆயிடும். இத்தாலில சாசிகாயான்னு ஒரு வைன், டஸ்கனில பிரெஞ்சு திராட்சையான கேபர்னே வச்சு பண்ணாங்க, அங்க இருந்த ரூலுக்குள்ள அடங்கல, அதனால உலகமே கொண்டாடுன சரக்கு வருஷக்கணக்கா வெறும் டேபிள் வைன், அதாவது சாதாரண வைன்னு லேபிள் ஒட்டி வித்துச்சு! 1994ல தான் டிஓசி கிடைச்சுது.

இங்க பெங்களூர் ப்ளூ திராட்சைக்கும் ஜிஐ இருக்கு, ஜூஸுக்கு அருமை, வைனுக்கு எனக்கு புடிக்கல. நான் லேபிள்ல தயாரிப்பாளர் பேரைத்தான் முதல்ல பாப்பேன்.