காஷ்மீர் ஏரிப் பாதை: நம்ம கடற்கரை ஆட்களின் கேள்விகளுக்குப் பதில்

சோனாமார்க்கில் ஏறி விஷன்சர், கட்சர், கங்காபல் ஏரிகளைப் பார்த்துவிட்டு நாரநாக்கில் இறங்கும் பாதையை மூன்று தடவை நடந்திருக்கிறேன். போன வாரம் ராமநாதபுரத்தில் நண்பர்களிடம் படம் காட்டியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன, கேட்டவர்களின் ஊர்ப் பெயரைப் போட்டு எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஒன்று: அந்த ஏரிகளில் யாரும் நீந்த இறங்காதீர்கள்.

தேவிபட்டினம்: எப்போது போகலாம், எத்தனை நாள்?

ஜூலையிலிருந்து செப்டம்பர் பாதி வரை. அதற்கு முன்னால் போனால் கணவாய்களில் பனி கிடக்கும். ஏறக்குறைய 70 கிலோமீட்டர், ஆறேழு நாள் ஆகும். சில சமயம் பாதுகாப்புக்காகப் பாதையை மூடிவிடுவார்கள், டிக்கெட் போடுவதற்கு முன் விசாரியுங்கள். அசல் ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது.

ஆர்.எஸ்.மங்கலம்: மலை உச்சியில் ஏரியை யார் வெட்டினார்கள்? தண்ணீர் ஏன் அந்த நிறம்?

நல்ல கேள்வி. நம்ம கண்மாய்க்கு மனுசன் கரை போட்டான். அங்கே பனிதான் வெட்டியது. பல ஆயிரம் வருசமாகச் சேர்ந்து இறுகிய பனி, தன் பாரத்தாலேயே மெதுவாக நகர்ந்து பாறையைக் குடைந்து பள்ளமாக்கியது. தள்ளிக்கொண்டு வந்த கல்லையும் மண்ணையும் ஓரமாகக் குவித்துவிட்டு உருகிப் போனது. பல ஏரிகளுக்கு அந்தக் குவியல்தான் கரை. அரைபட்ட பாறை மாவாகித் தண்ணீரில் மிதக்கிறது, அதில் வெயில் படும்போது நீலமும் பச்சையும் கலந்து தெரியும். கரையில் உட்கார்ந்து பார்த்தால், மேகம் நகர நகர நிறம் மாறிக்கொண்டே இருக்கும்.

மண்டபம்: இங்கே குன்றுகூட இல்லையே தம்பி, எப்படிப் பழகுவது?

மணலில் நடங்க அக்கா. வாரம் நாலு நாள் ஈர மணலை விட்டு உலர்ந்த மணலில் ஒரு மணி நேரம், முதுகில் ஐந்து கிலோ பையோடு. மாடிப்படி ஏறுவதைவிட இறங்கிப் பழகுவது முக்கியம். கடைசியில் கங்காபலிலிருந்து நாரநாக்குக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம், முட்டி அங்கேதான் தகராறு செய்யும். ஊன்றுகோல் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தொண்டி: சின்ன ஆக்சிஜன் கேன் வாங்கிப் போனால் போதுமா?

போதாது. நாம் கடல்மட்டத்து ஆட்கள். கட்சர் கணவாய் ஏறக்குறைய 4,200 மீட்டர், அங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் இங்கே உள்ளதில் அறுபது சதவீதம்தான். கேன் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். சோனாமார்க்கில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி உடம்பைப் பழக்குங்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், இரவானாலும் கீழே இறக்கிவிட வேண்டும்.

ஏர்வாடி: ஆக்சிஜன் கேன்?

மேலே பாருங்கள்.

சாயல்குடி: கற்பூரம் முகர்ந்தால் மூச்சு சரியாகிவிடும் என்கிறார்களே? இல்லாவிட்டால் கேன்...

கற்பூரம் ஆக்சிஜன் தராது. கேனுக்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டேன், இனி கேட்காதீர்கள்.

உச்சிப்புளி: அப்பாவுக்கு 62 வயது, ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. அவருடைய இதய மருத்துவரிடம் கேளுங்கள்.

கீழக்கரை: நாங்கள் சங்கு குளித்த குடும்பம். பத்துப் பாகம் (அறுபது அடி ஆழம்) முங்கி எழுந்தவனை ஒரு மலைக்குளத்துக்குப் பயப்படச் சொல்கிறீர்களா?

ஆமாம் காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), உங்களைத்தான் சொல்கிறேன். நீச்சல் தெரியாதவன் கரையிலேயே நின்றுவிடுவான், தெரிந்தவன்தான் குதிப்பான். நம்ம கடல் வெதுவெதுப்பானது. அங்கே பனி உருகி வந்த தண்ணீர், ஆகஸ்டிலும் விரலை வைத்தால் வலிக்கும். குதித்த நொடியில் உடம்பு தானாக மூச்சை இழுக்கும், அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. அதைத் தாண்டினாலும் பத்து நிமிடத்துக்குள் கைகால் சொன்னபடி கேட்காது. இன்னொன்று, உப்புத்தண்ணீர் ஆளைத் தூக்கிப்பிடிக்கும், நன்னீர் அந்த அளவுக்குப் பிடிக்காது. என்னோடு வந்த ஒரு நல்ல நீச்சல்காரர் விஷன்சரில் குதித்தார். இருபது அடிகூடப் போகவில்லை, குதிரைக்காரர்தான் கயிறு வீசி இழுத்தார்.

பாம்பன்: உத்தராகண்ட் மலையில் இருக்கிற ஹேம்குண்ட் ஏரியில் சீக்கியர்கள் முங்கிக் குளிக்கிறார்களே?

கரையோரம் நின்று ஒரு முங்கு முங்கி உடனே ஏறிவிடுகிறார்கள். சுற்றிலும் ஆள் இருக்கிறார்கள். ஏரி நடுவுக்கு நீந்துவது வேறு.

கீழக்கரை: மூச்சடக்கப் பழகியவனுக்குமா?

அவருக்கும்தான் காக்கா. அந்த மூச்சு நம்ம கட்டுப்பாட்டில் வராது, குளிரில் மூச்சடக்கும் நேரமும் வெகுவாகக் குறைந்துபோகும். உங்கள் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை, உங்களை இழக்க விருப்பமில்லை.

ராமேஸ்வரம்: மீன் உண்டா? கருவாடு எடுத்துப் போகலாமா?

வெள்ளைக்காரர் காலத்தில் காஷ்மீருக்குக் கொண்டுவந்த டிரவுட் உண்டு. மீன்வளத் துறையில் அனுமதி வாங்கித் தூண்டில் போடலாம், வலை கூடாது. கருவாடு வேண்டாம், அந்தப் பக்கம் கரடி இருக்கிறது. அரிசிக்குக் குக்கர் வேண்டும், அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், சாதம் வேகாது.

பெரியபட்டினம்: காலையாவது நனைக்கலாமா?

நனையுங்கள். கல்லில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் ஒரு ஆளோடு. ஓரத்துக் கல் வழுக்கும், நின்றுகொண்டு வேண்டாம்.