மூன்று பெயர்கள் தந்திருக்கிறார்கள், யாரிடம் போவது?

கேள்வி: சிட்னியில் இருக்கிறோம். ஏழு வயது மகனுக்கு ஆட்டிசம், சில சொற்கள்தான் பேசுவான். ஆறு மாதமாகத் தலையைச் சுவரில் மோதுகிறான், தம்பியைக் கடிக்கிறான். என்.டி.ஐ.எஸ் (மாற்றுத்திறனாளிகளுக்கான ஆஸ்திரேலிய அரசின் உதவித் திட்டம்) மூலம் பிஹேவியர் சப்போர்ட்டுக்கு, அதாவது இப்படியான நடத்தைகளுக்கு உதவும் சேவைக்கு, பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். சேவைகளை ஏற்பாடு செய்ய உதவும் கோஆர்டினேட்டர் மூன்று நிறுவனங்களின் பெயர் தந்தார். ஒன்று அடுத்த வாரமே தொடங்கலாம் என்கிறது. இன்னொன்று மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் நிறுத்திக் காட்டுகிறோம் என்கிறது. மூன்றாவதில் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். எதை எடுப்பது டொக்டர்? அம்மம்மா அவனோடு தமிழில் பேசுவதையும் நிறுத்தச் சொல்கிறார்கள், நிறுத்தவா?

பதில்: மூன்று மாதத்தில் நிறுத்துவோம் என்றவர்களை முதலில் விட்டுவிடுங்கள். பிள்ளையை இன்னும் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் எப்படி நாள் குறிக்க முடியும்? தலையை மோதும் இரண்டு பிள்ளைகளுக்கு முற்றிலும் வேறு வேறு காரணங்கள் இருக்கலாம். ஒருவனுக்குச் சத்தம் தாங்கவில்லை, இன்னொருவனுக்குப் பல்வலி.

பல்வலி என்று சும்மா சொல்லவில்லை. முன்பு இல்லாத பழக்கம் ஆறு மாதமாக வந்திருக்கிறது என்றால் முதலில் உடம்பைத்தான் பார்க்க வேண்டும். பேச்சு குறைவான பிள்ளையால் வலிக்கிறது என்று சொல்ல முடியாது, அதனால் மோதியும் கடித்தும் காட்டுகிறான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மலச்சிக்கலும் தூக்கக் குறைவும் மிகச் சாதாரணம், பெற்றோருக்கே தெரியாமல் பல நாள் மலம் தங்கியிருக்கும். இந்த வாரமே உங்கள் ஜி.பி.யிடம் (குடும்ப டொக்டரிடம்) காட்டி வயிறு, காது, பல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் இது முதலில் நடக்கட்டும்.

சரி, மீதி இரண்டில் எது? வேகமாகக் கிடைப்பதும் காத்திருக்க வைப்பதும் தரத்துக்கு அடையாளம் இல்லை. இரண்டு பேருக்கும் போன் போட்டுப் பேசுங்கள். அவர்கள் உங்களுக்கு என்ன பதில் சொல்கிறார்கள் என்பதைவிட உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். எந்த நேரத்தில் மோதுகிறான், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, மோதியதும் நீங்கள் என்ன செய்தீர்கள், அப்போது அவனுக்கு என்ன கிடைத்தது அல்லது எதிலிருந்து தப்பித்தான், நன்றாகத் தூங்குகிறானா, வேண்டியதை எப்படிக் கேட்கிறான், இதையெல்லாம் கேட்பவர் வேலை தெரிந்தவர். எடுத்த எடுப்பிலேயே ஸ்டிக்கர் சார்ட், பரிசு, கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்று ஆரம்பிப்பவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. கண்டுகொள்ளாமல் விட்டால் சில நடத்தைகள் குறைவதற்கு முன் நன்றாகக் கூடும், தலையை மோதும் பிள்ளையிடம் அப்படிச் செய்து பார்ப்பது ஆபத்து. நல்ல திட்டம் மோதுவதை நிறுத்துவதோடு நிற்காது, அதற்குப் பதிலாக 'போதும்', 'வேண்டாம்', 'வலிக்கிறது' என்று படத்திலோ சைகையிலோ ஐபேடிலோ சொல்ல வழி கற்றுத்தரும்.

நிறுவனம் பதிவு பெற்றதா என்று, இந்தச் சேவைகளைக் கண்காணிக்கும் என்.டி.ஐ.எஸ் கமிஷனின் இணையதளத்தில் பார்க்கலாம், இந்தச் சேவைக்குப் பதிவு கட்டாயம். அதைவிட முக்கியம், வீட்டுக்கு வரப்போவது யார் என்பது. கமிஷன் இந்தத் துறையில் வேலை செய்பவர்களைக் கோர், ப்ரொஃபிஷியன்ட், அட்வான்ஸ்ட், ஸ்பெஷலிஸ்ட் என்று நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறது. ஆரம்ப நிலையான கோர் நிலையில் இருப்பவர் வந்தால் தவறில்லை, புதியவர்களில் அருமையானவர்கள் உண்டு, ஆனால் அவரை மேற்பார்வை பார்ப்பவர் யார், அந்த மேற்பார்வையாளர் உங்கள் மகனை நேரில் பார்ப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் மணிக்கணக்கு. ஒரு மணிக்கு இருநூறு டொலருக்கு மேல் போகிற சேவை இது, பயண நேரத்துக்கும் பணம் எடுப்பார்கள். மொத்த மணியில் அறிக்கை எழுத எவ்வளவு, வீட்டிலும் பள்ளியிலும் வந்து பார்க்க எவ்வளவு, உங்களுக்கும் அம்மம்மாவுக்கும் டீச்சருக்கும் சொல்லித்தர எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பணத்தில் பெரும்பகுதி நாற்பது பக்க அறிக்கையாகி, அது அலமாரியில் தூங்கினால் பிள்ளைக்கு என்ன பயன்?

அறையில் அடைப்பது, பிடித்து அமுக்குவது, கட்டுவது, நடத்தையை அடக்க மட்டும் மருந்து கொடுப்பது, ஃபிரிட்ஜைப் பூட்டுவது போல அவனுக்கு வேண்டியதை எட்டாமல் வைப்பது, இவையெல்லாம் சட்ட விதிகளுக்கு உட்பட்ட கட்டுப்பாட்டு முறைகள். என்.டி.ஐ.எஸ் பணத்தில் வரும் ஒருவர் நினைத்த மாத்திரத்தில் இவற்றைச் செய்ய முடியாது. அப்படி ஒன்று தேவைப்பட்டால் ஒரு மாதத்துக்குள் இடைக்காலத் திட்டம், ஆறு மாதத்துக்குள் முழுத் திட்டம் எழுத வேண்டும், மாநில அனுமதியும் வேண்டும், அதைப் படிப்படியாகக் குறைக்கும் வழியும் அதில் இருக்க வேண்டும். 'இதையெல்லாம் எப்படிக் குறைப்பீர்கள்?' என்று நேராகக் கேளுங்கள். தடுமாறினால் வேண்டாம்.

தமிழை நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அம்மம்மாவுக்கு வருவது தமிழ்தான் என்றால் அவர் வாயை அடைப்பதில் பிள்ளைக்குத்தான் நட்டம். அவன் காட்டும் படங்களில் தமிழ்ச் சொல்லும் இருக்கட்டும். பயிற்சிக்கு அம்மம்மாவும் உட்கார வேண்டும் என்று சொல்லி மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், என்.டி.ஐ.எஸ் மூலம் கிடைக்கும், உங்கள் திட்டப் பணத்திலிருந்து போகாது.

அடுத்த வாரம் வரக்கூடியவர் இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் அவரையே எடுங்கள். இல்லையென்றால் நான்கு மாதப் பட்டியலில் பெயர் கொடுங்கள், வேறு இடங்களையும் தேடுங்கள், அதுவரை ஒரு கொப்பியில் நேரம், முன்னால் நடந்தது, பின்னால் நடந்தது, தூக்கம், மலம் என்று எழுதி வாருங்கள். வருபவருக்கு அது பெரிய உதவி. தம்பியைத் தனியாக அவனோடு விடாதீர்கள். மோதிய பிறகு வாந்தி, அசாதாரணத் தூக்கம், வலிப்பு, நினைவு தடுமாற்றம் எது வந்தாலும் உடனே அவசர உதவி எண் டிரிபிள் ஜீரோவை (000) அழையுங்கள்.

யாரை எடுத்தாலும் கையெழுத்துப் போடுமுன் சர்வீஸ் அக்ரிமென்டில் விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் மாற்றலாம், அது உங்கள் உரிமை, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.