எல்டிஎல் நார்மலுக்கு வந்துருச்சு, மாத்திரையை நிப்பாட்டலாமா?

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்கு வயசு 47. பாம்பன்ல விசைப்படகு டிரைவர், பீடி பழக்கம் உண்டு. அவரோட அண்ணன் 44 வயசுல நெஞ்சுவலி வந்து இறந்துட்டாக. ஊர்ல போட்ட இலவச கேம்ப்ல ரத்தம் எடுத்ததுல மொத்த கொலஸ்ட்ரால் 246, கெட்ட கொலஸ்ட்ரால்ங்கிற எல்டிஎல் 168, நல்ல கொலஸ்ட்ரால்ங்கிற எச்டிஎல் 36, ட்ரைகிளிசரைடுங்கிற இன்னொரு கொழுப்பு 210னு வந்துச்சு. அரசு ஆஸ்பத்திரியில கொலஸ்ட்ராலை குறைக்கிற அட்டோர்வாஸ்டேட்டின் 20 மாத்திரை குடுத்தாக. மூணு மாசத்துல எல்டிஎல் 96 ஆயிருச்சு. நார்மல் ஆயிருச்சுல்ல, நிப்பாட்டு, ஈரல் கெட்டுரும்னு சொந்தக்காரவுக சொல்றாக. கேம்ப் நடத்துனவரு வேற தினம் போன் பண்ணி, மதுரைக்கு வாங்க, ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்ல மருந்து விட்டு எடுக்குற படம்) பாத்துருவோம், காப்பீட்டு அட்டையிலயே முடிச்சுரலாம்ங்கிறாரு. இறால், நண்டு நிப்பாட்டணுமா? என்ன செய்யணும்?

பதில்: நிப்பாட்டாதீங்க. முதல்ல இதை மனசுல வாங்கிட்டு மத்ததை படிங்க.

96 வந்தது மாத்திரையால. நிப்பாட்டுனா ஒண்ணு ரெண்டு மாசத்துல திரும்பவும் 160 பக்கம் போயிரும், ஏன்னா அவரோட உடம்பு இயல்பா வச்சிருக்குற அளவு அதுதான், மாத்திரை அதை இறக்கி வச்சிருக்கே தவிர மாத்திடல. காய்ச்சல் மாத்திரை மாதிரி சரியானதும் விட்டுடலாம்னு நினைக்கிறதுதான் நான் தினம் பாக்குற தப்பு, இந்தக் கடற்கரையில நடு வயசுலயே ஹார்ட் அட்டாக்னு வர்றவங்கள்ல எத்தனையோ பேர் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி "நார்மல்"னு வந்த ரிப்போர்ட்டை பத்திரமா கவர்ல போட்டு கொண்டு வந்து காட்டுறாங்க, பாக்கும்போது வயிறு எரியுது.

கொழுப்பு ரத்தத்துல மிதந்து போய் எங்கயோ அடைச்சுக்கிறது இல்ல. எல்டிஎல்ங்கிறது கொலஸ்ட்ராலை சுமந்துட்டு போற துகள். அது அதிகமா இருக்கும்போது ரத்தக்குழாயோட சுவருக்குள்ள நுழைஞ்சு தங்கிடுது, அதை தின்ன வர்ற வெள்ளை அணுக்களும் அங்கயே செத்து சேருது, இப்படி இருபது முப்பது வருஷம் வலியே இல்லாம உள்ளுக்குள்ள ஒரு பரு மாதிரி வளரும். ஒருநாள் அது உடையும், உடைஞ்ச இடத்துல ரத்தம் உறையும், அந்த உறைகட்டிதான் குழாயை மூடுது, அதுக்குப் பேருதான் ஹார்ட் அட்டாக். மாத்திரை ரெண்டு வேலை செய்யுது. ஈரல்ல கொலஸ்ட்ரால் தயாராகுறதை குறைக்குது, அதனால ஈரல் ரத்தத்துல இருக்குற எல்டிஎல்லை கூடுதலா இழுத்துக்குது. உள்ள வளர்ந்த பருவையும் உடையாம கெட்டிப்படுத்துது. எல்டிஎல் 39 மில்லிகிராம் குறைஞ்சா அட்டாக், பக்கவாதம் வர்ற வாய்ப்பு ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு குறையுதுனு லட்சக்கணக்கான பேர் சேர்ந்த ஆராய்ச்சிகளை ஒண்ணா வச்சு பாத்திருக்காங்க. உங்க வீட்டுக்காரருக்கு 72 குறைஞ்சிருக்கு, அது சும்மா கிடைச்சது இல்ல.

ஈரல் கெட்டுரும்ங்கிற பயத்துக்கு வருவோம். ஈரலுக்கு உண்மையான பாதிப்பு ரொம்ப அபூர்வம், ஒரு ரத்த டெஸ்ட்டுல பாத்துக்கலாம். கிட்னியை கெடுக்காது. சுகர் வர்ற விளிம்புல இருக்குறவங்களுக்கு சுகர் கொஞ்சம் ஏறலாம், அதுக்காக நிப்பாட்டுனா நஷ்டம்தான் அதிகம். தசை வலி சிலருக்கு வரும். 2020ல வந்த ஒரு ஆராய்ச்சியில மாத்திரையால வலினு சொல்லி நிப்பாட்டுனவங்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை குடுத்தப்பவும் கிட்டத்தட்ட 90 சதவீதம் அதே தொந்தரவு இருந்துச்சு. ஆனா தொடை தோள் எல்லாம் கடுமையா வலிச்சு ஒண்ணுக்கு கட்டங்காப்பி கலர்ல போனா அன்னைக்கே நிப்பாட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

கடலுக்கு போற அன்னைக்கு மறந்துருதுனு ஒரு பேச்சு உண்டு. இந்த மாத்திரையை ராத்திரிதான் போடணும்னு இல்ல, எந்த நேரமும் போடலாம், சாப்பிட்டு சாப்பிடாம எப்படியும் போடலாம், அதனால படகுல ஒரு அட்டை வீட்டுல ஒரு அட்டை வச்சுக்க சொல்லுங்க.

இனி அந்த போன்காரர். இலவச கேம்ப்னா ரத்தம் எடுக்குறது இலவசம், ஆனா அங்க எடுக்குற உங்க போன் நம்பர்தான் அவங்களுக்கு சரக்கு. இந்தப் பக்கம் மண்டபத்துல இருந்து தொண்டி வரைக்கும் இப்படி ஆள் பிடிச்சு மதுரைக்கு அனுப்புற ஏஜெண்டுக இருக்காங்க, ஒரு ஆளை கொண்டு போய் விட்டா ஒரு தொகை. அவரு டாக்டர் இல்ல. நெஞ்சுவலி இல்ல, நடந்தா மூச்சு வாங்கல, இசிஜி சரியா இருக்கு, அப்படி இருக்குற ஆளுக்கு கொலஸ்ட்ரால் நம்பரை மட்டும் பாத்து ஆஞ்சியோ எடுக்க வேண்டியதில்ல. ஆஞ்சியோ டேபிள்ல படுக்க வச்சுட்டு வெளியில நிக்கிற பொண்டாட்டிகிட்ட "70 சதவீதம் அடைப்பு, இப்பவே ஸ்டென்ட் (குழாயை விரிச்சு வைக்கிற கம்பிவலை) வைக்கணும், சைன் போடுங்க"னு கேட்டா எந்தப் பொம்பளை வேணாம்னு சொல்லுவா? அட்டாக் வராத, நிலையா இருக்குற அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சாலும் மருந்து மட்டும் குடுத்தவங்களை விட சாவு குறையலனு 2007ல கரேஜ் ஆராய்ச்சியும் 2019ல இஸ்கீமியா ஆராய்ச்சியும் காட்டியாச்சு. அட்டை இருக்கு, காசு உங்களுது இல்லதானேங்கிற பேச்சுல மயங்காதீங்க, உடம்பு உங்களுது. அந்த நம்பரை பிளாக் பண்ணுங்க.

இதே ஆளுங்க இல்லைனா இவங்க பங்காளிங்க அடுத்து பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, தேன் கலந்த பாட்டிலோட வருவாங்க, அடைப்பை கரைச்சுரும்னு. ட்ரிப்ஸ் ஏத்தி குழாயை கழுவுறோம்பாங்க. சுவருக்குள்ள இருக்குறதை குடிக்கிற சாறு எப்படி போய் கரைக்கும்? பூண்டு சாப்பிடுங்க, குழம்புல போட்டு சாப்பிடுங்க, மாத்திரைக்கு பதிலா மட்டும் வேண்டாம்.

அண்ணன் 44 வயசுல போனதா எழுதியிருக்கீங்க, அதை நான் சாதாரணமா விட முடியாது. எல்டிஎல் 190க்கு மேல இருந்தா அது சாப்பாட்டால வந்ததா இல்லாம பரம்பரையா ரத்தத்துலயே இருக்கலாம், ஈரலோட எல்டிஎல் பிடிக்கிற கொக்கி பிறவியிலயே குறைவா இருக்கும், அதை கண்டுபிடிச்ச பிரவுன், கோல்ட்ஸ்டைன் ரெண்டு பேருக்கும் 1985ல நோபல் குடுத்தாங்க. உங்க வீட்டுக்காரருக்கு 168தான், அவருக்கு இது இருக்க வாய்ப்பு கம்மி. ஆனா அண்ணனுக்கு எவ்வளவு இருந்துச்சுனு யாருக்கும் தெரியாது, அவரோட பிள்ளைகளுக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைகளுக்கு லிப்பிட் டெஸ்ட், அதாவது இந்தக் கொலஸ்ட்ரால் ரத்த டெஸ்ட், எடுக்க சொல்லுங்க, பத்து வயசு ஆகியிருந்தாலும் எடுக்கலாம், சாப்பிட்டுட்டு வந்தாலும் எடுக்கலாம். இந்தக் கோளாறு அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு வர வாய்ப்பு உண்டு. நம்ம பக்கம் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள்னு சொந்தத்துக்குள்ள கட்டுறோம், ரெண்டு பக்கமும் இதே கோளாறு இருந்து ரெண்டும் ஒரு குழந்தைகிட்ட சேர்ந்துட்டா எல்டிஎல் 400, 500னு போகும், இருபது வயசுக்குள்ளயே அட்டாக் வரலாம். குழந்தையோட முழங்கை, முட்டி, குதிகால் நரம்புல மஞ்சளா கட்டி கட்டியா இருந்தா மருனு நினைச்சு சுண்ணாம்பு வைக்காதீங்க, ரத்தம் எடுங்க. பெண் பிள்ளைக்கு இந்தக் கோளாறு இருந்து இதே மாத்திரை போட்டா, பின்னாடி கல்யாணமாகி குழந்தைக்கு திட்டம் போடும்போது மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தணும், அதை டாக்டர்கிட்ட கேட்டு செய்யணும். இவ்வளவு நீட்டி சொல்றேன்னு நினைக்காதீங்க, ஒரு வீட்டுல ஒருத்தர் சின்ன வயசுல போனா மிச்சம் இருக்குறவங்களை கூப்பிட்டு டெஸ்ட் எடுக்கணும்ங்கிற வழக்கமே நம்ம ஆஸ்பத்திரிகள்ல இல்ல, இறப்பு சான்றிதழ் குடுத்து அனுப்பிருவாங்க, அவ்வளவுதான்.

சாப்பாடு. இறால்ல கொலஸ்ட்ரால் உண்டு, ஆனா எல்டிஎல்லை ஏத்துற உறைகொழுப்பு கம்மி, வாரத்துக்கு ரெண்டு தடவை குழம்பா சாப்பிடலாம். நண்டும் அப்படித்தான். சாளை, சூடை தாராளமா சாப்பிடலாம், ட்ரைகிளிசரைடு குறையும். வெட்ட வேண்டியது தேங்காயெண்ணெய், பாமாயில்ல பொரிக்கிறதையும் தினசரி பரோட்டாவையும்தான். பீடி இருக்குற வரைக்கும் இதெல்லாம் பாதி வேலைதான், அதை சத்தமா சொல்லுங்க.

அரசு ஆஸ்பத்திரியில மாசம் ஒரு தடவை வந்து வரிசையில நின்னு முப்பது மாத்திரை வாங்கணும்னு வச்சிருக்காங்க. காலம் பூரா போட வேண்டிய மாத்திரையை மூணு மாசத்துக்கு சேர்த்து குடுத்தா என்ன குறைஞ்சிரும்? கடலுக்கு போற ஆளு ஒரு நாள் வேலையை விட்டு வந்து நிக்கணும், ஸ்டாக் இல்லைனா திரும்பி போகணும், அப்புறம் சீட்டுல "ஒழுங்கா மருந்து எடுக்கல"னு அவரு மேலயே எழுதுவாங்க. அப்படி ஒரு மாசம் இல்லைனா இடையில விடாதீங்க, மக்கள் மருந்தகத்துலயோ 2025ல ஆரம்பிச்ச முதல்வர் மருந்தகத்துலயோ அட்டோர்வாஸ்டேட்டின்னு மருந்து பேரை சொல்லி கேளுங்க, கம்பெனி பேர் எதுவா இருந்தாலும் பரவாயில்ல, விலை கம்மிதான்.

96 நல்ல இறக்கம்தான், ஆனா பீடியும் அண்ணன் கதையும் இருக்குறதால இன்னும் இறக்கணுமானு அவரைப் பாக்குற டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. அட்டாக் வந்தவங்களுக்கு 55க்கு கீழ கேப்போம். அடுத்த லிப்பிட் டெஸ்ட்டை மீன்பிடி தடைக்காலத்துல, மே மாசம் வாக்குல வச்சுக்கோங்க, அப்ப கரையில இருப்பாரு, கூடவே சுகர், பிரஷர், தைராய்டு ஒரு தடவை பாத்துருங்க. தைராய்டு கம்மியா சுரந்தாலும் எல்டிஎல் ஏறும், அதை யாரும் இதுவரை பாக்கலனு உங்க ரிப்போர்ட்டை வச்சு தெரியுது. நடுவுல நெஞ்சு அழுத்தம், இடது கை இல்லைனா தாடை வலி, வேர்வைனு வந்தா வாயுனு சோடா குடுக்காம 108ஐ கூப்பிட்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போங்க. 2023ல இருந்து இதயம் காப்போம் திட்டத்துல அங்கயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், இதே அட்டோர்வாஸ்டேட்டின் மூணையும் சேர்த்து முதல் டோஸா குடுத்துட்டு மேல அனுப்புவாங்க. ராமேஸ்வரம் பக்கத்துல இருந்து மதுரை 170 கிலோமீட்டர், அந்த முதல் டோஸ் இல்லாம வண்டி ஏறாதீங்க.