ஊதா ரோஜா கேட்கிறீர்கள், சென்னை என்ன தரும்?

பழங்கால ஊதா ரோஜாக்களைப் பற்றிக் கேட்டு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “படத்தில் இருப்பது போலவே என் வீட்டிலும் பூக்குமா?” முதலில் அதை எடுத்துக்கொள்கிறேன். மற்றவை அதன் பின்னால்.

ரெய்ன் தே வியோலெத் என்ற பழைய பிரெஞ்சு ரோஜாவின் படம் பார்த்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. சென்னையில் வளருமா? (அண்ணா நகர் வாசகி)

உங்கள் நினைப்பில் தப்பில்லை, அழகான பூதான். 1860இல் பிரான்சில் வந்த ரகம். அடுக்கடுக்காக இதழ்கள், நடுவில் ஒரு பொத்தான் போன்ற முடிச்சு, கிட்டத்தட்ட முள்ளே இல்லாத தண்டு, நல்ல வாசம். மலரும்போது சிவப்பு கலந்த ஊதாவாக இருந்து பிறகு சாம்பல் பூத்த ஊதாவாக மாறும். ஆனால் இது குளிர் ஊர்ப் பிறவி. பெங்களூரிலோ கொடைக்கானலிலோ வீடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நடச் சொல்வேன். சென்னையில் அது சூதாட்டம். மார்கழி, தை மாதங்களில் நாலு பூ கொடுத்துவிட்டு, சித்திரையில் இலையெல்லாம் உதிர்த்து நிற்கலாம்.

பழைய ஊதா ரோஜா என்று தேடினால் வரும் மற்ற பெயர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கார்டினல் தெ ரிஷ்லியு, டஸ்கனி சுப்பர்ப் இரண்டும் கேலிகா இனம். வில்லியம் லாப் பாசி ரோஜா இனம். இவை வருஷத்துக்கு ஒருமுறை, குளிர்காலம் தூங்கி எழுந்த பிறகு, போன வருஷக் கிளையில் பூப்பவை. நம் ஊரில் ஜனவரி ராத்திரியிலேயே சராசரியாக 20 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக இறங்குவதில்லை. தூங்கவே விடாத ஊரில் அவை எப்போது எழுந்து பூப்பது? பச்சையாக இருக்கும், பூக்காது, மெல்ல மெல்லக் குறுகிப் போகும். ஹான்சா போன்ற ருகோசா ரகங்களும் கடும் குளிருக்கென்றே ஏற்பட்டவை, அவற்றையும் விட்டுவிடுங்கள்.

அப்படியானால் என்ன நடுவது? நிறத்தைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள், ரத்தத்தைப் பாருங்கள். சீன ரோஜா, டீ ரோஜா, போர்பன் ஆகிய மூன்று இனங்களில் ஏதாவது ஒன்றின் ரத்தம் உள்ள பழைய செடிகள் வெயிலைத் தாங்கும், வருஷம் முழுக்க விட்டு விட்டுப் பூக்கும். சீன இனத்தில் கருஞ்சிவப்பிலிருந்து ஊதாச் சிவப்பு வரை போகிற பழைய ரகங்கள் உண்டு. நம் பக்கத்து எட்வர்டு ரோஜா போர்பன் வழி வந்தது. ஊதா இல்லை, அடர் இளஞ்சிவப்பு, ஆனால் சாவதே இல்லை. ஊதா நிறம்தான் முக்கியம், பழமை பிறகு என்றால் பாரடைஸ், ஏஞ்சல் ஃபேஸ் போன்ற இருபதாம் நூற்றாண்டு ரகங்களைக் கேட்டுப் பாருங்கள். வெப்ப நாட்டுக்கென்றே ரோஜா உருவாக்கும் வேலையைக் கொடைக்கானலில் விரு வீரராகவன், கிரிஜா தம்பதி பல ஆண்டுகளாகச் செய்து வந்திருக்கிறார்கள். வங்கச் சதுப்புப் பகுதிகளில் தானாக வளரும் காட்டு ரோஜாவான ரோசா கிளைனோஃபில்லாவைக் கலப்புக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அவர்கள் ரகம் ஏதாவது நர்சரியில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ஊட்டியில் வாங்கி வந்த செடி அங்கே கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. இங்கே வந்து மூன்றே மாதத்தில் குச்சியாகிவிட்டது. என்ன உரம் போடலாம்? (கே.கே. நகர்)

உரம் வேண்டாம் சார். வேரே வாடிக் கிடக்கும் செடிக்கு உரம் போட்டால் இருப்பதும் போய்விடும். நிழலில் வைத்து, மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விட்டு, பச்சைத் துளிர் வருகிறதா என்று பாருங்கள். இனி ஊட்டிக்குப் போனால் அரசு ரோஜாத் தோட்டத்தைக் கண் குளிரப் பார்த்துவிட்டு, செடியைச் சமவெளி நர்சரியில் வாங்குங்கள்.

ஜனவரியில் நல்ல ஊதாவாகப் பூத்த செடி, மே மாதம் வெளிறிப்போன பிங்க் நிறத்தில், பாதி அளவில் பூக்கிறது. வேறு ரகத்தை ஏமாற்றிக் கொடுத்துவிட்டார்களா? (திருவான்மியூர்)

ஏமாற்றவில்லை. ரோஜாவின் சிவப்பும் ஊதாவும் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருபவை. மொட்டு உருவாகும் நாட்களில் வெப்பம் கூடினால் அந்த நிறமி குறைவாகவே உருவாகும். உருவான கொஞ்சமும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். மொட்டு அவசரமாக வளர்ந்து மலர்ந்துவிடுவதால் இதழ்களும் குறையும். நல்ல நிறத்தைப் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் காலம். அதிலும் காலை ஏழு மணிக்குப் பார்க்க வேண்டும், பதினொரு மணிக்குப் பார்த்தால் அதே பூ ஒரு படி இறங்கியிருக்கும்.

செய்யக்கூடியது ஒன்று: காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் கிடைக்கிற, மதியம் இரண்டு மணிக்கு மேல் சுவர் நிழலோ மர நிழலோ விழுகிற கிழக்குப் பக்கம். மொட்டை மாடி என்றால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் 50 சதவீத நிழல் வலை. தொட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். கத்திரி வெயிலில் சிமென்ட் தரையின் சூடு வேர் வரை போகும். மே மாதம் வருகிற மொட்டுகளைக் கிள்ளிவிடுவது நல்லது. எப்படியும் அழகாக இருக்கப்போவதில்லை, செடியின் சக்தியாவது மிஞ்சும். மனசு வராதுதான்.

ஆன்லைனில் நீல ரோஜா விதை நூறு, ஊதா ரோஜா விதை நூறு என்று விற்கிறார்கள். வாங்கலாமா? (ஆவடி)

வேண்டாம். உண்மையான நீல நிறமியை உருவாக்கும் மரபணு ரோஜாவுக்கு இல்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பான்சி பூவின் மரபணுவைச் சேர்த்து ஒரு ரோஜாவை உருவாக்கி 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அத்தனை பாடுபட்டும் அது வெளிர் ஊதாதான், நீலம் இல்லை. அப்புறம், எந்த ரகமானாலும் விதையில் தாயைப் போலவே வராது. ரோஜாவுக்குப் பதியம், குச்சி, ஒட்டு, இந்த மூன்றுதான் வழி.

பாட்டி காலத்து வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப்போகிறோம். பின்கட்டில் கிணற்றடியில் ஒரு பழைய ரோஜாப் புதர் இருக்கிறது. பூ ஊதா கலந்த சிவப்பு, நல்ல வாசம். பெயர் தெரியாது. எப்படிக் காப்பாற்றுவது? (மயிலாப்பூர்)

இந்த முறை வந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. அம்மா, நீங்கள் கடையில் தேட வேண்டிய செடி உங்கள் கிணற்றடியிலேயே இருக்கிறது. தனியாக யாரும் கவனிக்காமல் இத்தனை வருஷம் சென்னையில் நின்ற புதருக்கு நான் நற்சான்று எழுத வேண்டியதில்லை.

பெயரைப் பிறகு தேடலாம். இந்தத் துறையில் பழைய செடிகளின் கதையே இப்படித்தான் தொடங்கும். போர்பன் இனமே இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில், அப்போது அதன் பெயர் போர்பன், சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் வேலியாக நட்ட இடத்தில் தானாகக் கலந்து முளைத்ததுதான். 1817 வாக்கில் ஒரு தாவரவியலாளர் கண்ணில் பட்டு, பாரிஸுக்கு விதை போய், ஒரு பெரிய குடும்பமே ஆகிவிட்டது. அதற்கும் முன்னால் சீன ரோஜாக்கள் சில கல்கத்தா வழியாக ஐரோப்பா போயின. அங்கே அவற்றை வங்க ரோஜா என்றுகூட அழைத்தார்கள். மெட்ராஸ் பங்களாத் தோட்டங்களுக்கும் அந்த வகைகள் வந்திருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் புதர் அந்தக் குடும்பமா என்பது இலை, முள், பூக்காம்பு எல்லாம் பார்த்துத்தான் தெரியும்.

இப்போது வேலை. புதரைத் தோண்டி எடுப்பது கடைசி வழி. முதலில் குறைந்தது ஏழெட்டு வாரிசுகளை உண்டாக்குங்கள். இடிக்க இரண்டு மாதமாவது இருந்தால் காற்றுப் பதியம் போடுங்கள்: பென்சில் தடிமன் உள்ள கிளையில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, அடியில் உள்ள வழவழப்பு போகும் வரை கத்தியால் சுரண்டுங்கள். அந்த வழவழப்பு மிச்சமிருந்தால் பட்டை மறுபடி மூடிக்கொள்ளும், வேர் வராது. ஈரமான தேங்காய் நார்க் கழிவைப் பிழிந்து, உருண்டையாக வைத்து, பாலித்தீனால் சுற்றி இரு முனையும் இறுக்கக் கட்டுங்கள். மழைக்காலம் என்றால் நாலிலிருந்து ஆறு வாரத்தில் பாலித்தீனுக்குள் வெள்ளை வேர் தெரியும். அதற்குக் கீழே வெட்டித் தொட்டிக்கு மாற்றி, இரண்டு வாரம் நிழல்.

கூடவே குச்சியும் போடுங்கள். பூ உதிர்ந்த கிளையில் ஆறிலிருந்து எட்டு அங்குலம், மூன்று நாலு கணு. கீழ் இலைகளை எடுத்துவிட்டு, பாதி மணல் பாதி நார்க் கழிவில் செருகி, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்ப்பவர்களால்தான் பாதிக் குச்சிகள் சாகின்றன. கற்றாழைச் சாறு தடவலாமா, தேன் தடவலாமா என்று கேட்பீர்கள். கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. வேர் ஊக்கிப் பொடி கிடைத்தால் அதுவே மேல்.

வாரிசுகளை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். தங்கை வீட்டுக்கு இரண்டு, எதிர் வீட்டு மாமிக்கு ஒன்று என்று கொடுத்துவிடுங்கள்.

புதுத் துளிர் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருக்கிறது. பழைய இலையின் ஓரம் கருகுகிறது. போர் தண்ணீர்தான் விடுகிறோம். (மடிப்பாக்கம்)

இரண்டும் தண்ணீர் செய்கிற வேலை. துளிர் மஞ்சளாவது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் கடின நீர் ஊற்றி ஊற்றி மண் காரத் தன்மை அடைந்தால் வேரால் அதை எடுக்க முடியாது. ஓரம் கருகுவது உப்பு. உடனடி நிவாரணத்துக்குக் வேர் எளிதில் எடுத்துக்கொள்ளும் கீலேட் வடிவ இரும்பை உறையில் சொன்ன அளவில் கொடுங்கள். மாதம் ஒருமுறை தொட்டி அடியில் நன்றாக வழிந்து ஓடும்படி நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். நல்ல தண்ணீர் எங்கே என்றால், மழைநீர்த் தொட்டி, அது இல்லாவிட்டால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். குழாய்க்கடியில் ஒரு வாளி வைத்தால் ஒரு ராத்திரியில் இரண்டு தொட்டிக்கு ஆகும், உப்பே இருக்காது. ஆர்ஓ மெஷினின் கழிவு நீரைச் சிக்கனம் என்று ஊற்றுபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்; உப்பெல்லாம் திரண்டு வருவதே அதில்தான்.

நர்சரியில் வாங்கும் ரோஜா எல்லாமே ஒரு மாதத்தில் செத்துப்போகிறது. கை ராசி இல்லையோ? (பெரம்பூர்)

கை ராசி எல்லாம் இல்லை, களிமண் உருண்டை. நம் ஊருக்கு வரும் செடிகள் பலவற்றில் கறுப்புக் கவரைக் கிழித்தால் வேரைச் சுற்றி இறுகிய சிவப்புக் களிமண் இருக்கும். அதை அப்படியே தொட்டியில் வைத்தால் சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கும், உருண்டைக்குள் தண்ணீர் போகாது. அல்லது போனது வெளியே வராது. கவரோடு அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வெளிப்புறக் களிமண்ணை விரலால் மெதுவாகக் கரைத்துவிட்டு நடுங்கள். முழுவதும் கழுவ வேண்டாம், சின்ன வேர்கள் அறுந்துவிடும்.

கலவை: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. புதராக வளரும் ரகங்களுக்கு 16, 18 அங்குலத் தொட்டி. வாங்கிய அன்றே உரம் போடாதீர்கள்.

கவாத்து எப்போது? (அம்பத்தூர்)

செப்டம்பரில் காய்ந்த குச்சி, குறுக்கே போகும் கிளை மட்டும் எடுத்தால் போதும். அடைமழையில் வெட்டினால் வெட்டுவாயில் பூஞ்சணம் ஏறி நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும். பெரிய கவாத்து மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் முதல் வாரத்தில். வெட்டி ஏறக்குறைய 45 நாளில் பூ வரும், பொங்கலுக்குச் சரியாக இருக்கும். புயல் எச்சரிக்கை இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸி குளோரைடு என்ற பூஞ்சணக் கொல்லியைப் பசையாகத் தடவுங்கள்.

பழைய புதர் ரோஜாக்களுக்கு ஒரு விதிவிலக்கு. ஒட்டு ரோஜாவை வெட்டுவது போல முழங்கால் உயரத்துக்கு வெட்டாதீர்கள். சீன இனச் செடிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு போதும்.

அடியிலிருந்து ஒரு கிளை மட்டும் வேகமாக வளர்கிறது, ஒரு காம்புக்கு ஏழு இலை இருக்கிறது. காட்டுக் கிளையா? (குரோம்பேட்டை)

இலையை எண்ணாதீர்கள், பழைய ரோஜாக்கள் பலவற்றுக்கு இயல்பாகவே ஏழு இலை வரும். எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுப் போட்ட இடத்து முடிச்சுக்குக் கீழே என்றால் அடியில் உள்ள வேர்ச்செடியின் காட்டுக் கிளை, மண்ணை விலக்கி அடியோடு பிய்த்து எடுங்கள். மேலே என்றால் அதுதான் உங்கள் புதுச் செடி, தொடாதீர்கள்.

இலைக்கடியில் சின்னச் சின்னப் புள்ளி, வலை மாதிரி இருக்கிறது. (வேளச்சேரி)

சிவப்புச் சிலந்தி. காய்ந்த வெயிலில் வரும். தினமும் காலையில் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சுங்கள், ஒரு வாரத்தில் பாதி குறையும். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும். கந்தகம் அடிப்பதை மே மாதத்தில் நினைக்கவே வேண்டாம், இலை வெந்துவிடும்.

பூத்த பூவில் குல்கந்து செய்யலாமா? (தாம்பரம்)

வாசமுள்ள பழைய ரகம் என்றால் தாராளமாக. இதழுக்குச் சம எடை சர்க்கரை, கண்ணாடி ஜாடியில் அடுக்கடுக்காகப் போட்டு, தினமும் கிளறி, இரண்டு மூன்று வாரம் வெயிலில். ஆனால் நர்சரியிலிருந்து வந்த புதுச் செடியின் பூ வேண்டாம், அங்கே என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரியாது. உங்கள் கையால் வளர்த்து அடுத்த கவாத்துக்குப் பிறகு வருகிற பூவிலிருந்து தொடங்குங்கள்.