கூரையைப் பார்க்காமல் குசினிக்கு டைல்ஸ் போடாதீர்கள்

சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கும் அப்பா வீட்டைப் பற்றி ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறி இத்தனை வருடம் ஆகியும் அவர் பழைய பெயரைத்தான் எழுதுகிறார், நானும் அப்படியே எழுதுகிறேன். அப்பா தோட்டத்தில் வேலை செய்தபோது 1986இல் 25,000 வெள்ளிக்கு வாங்கிய மலிவு வீடு, மாடி கிடையாது, வரிசையில் நடுவீடு. அப்பா காலமாகி இரண்டு வருடம், அம்மா தனியாக இருக்கிறார், அதனால் இவர் மனைவி பிள்ளைகளோடு ஷா ஆலமிலிருந்து ஊருக்கே திரும்பப் போகிறார். கையில் 35,000 வெள்ளி. பின்பக்கம் குசினியை இழுத்துக் கட்டி, வீடு முழுக்க டைல்ஸ் போட்டு, கேபினெட் அடித்து, தீபாவளிக்குள் வேலையை முடிக்க வேண்டும், எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் இரண்டு வரி: சாமி மேடைக்கு மேலே சீலிங்கில் மஞ்சள் வட்டம் இருக்கிறதாம், பாத்ரூம் கதவு நிலையில் மண்கோடு மாதிரி ஏதோ ஏறுகிறதாம்.

தம்பி, தொடங்க வேண்டிய இடத்தை அந்தக் கடைசி இரண்டு வரியில் நீங்களே சொல்லிவிட்டீர்கள். மஞ்சள் வட்டம் என்றால் கூரை ஒழுகுகிறது, மண்கோடு என்றால் கறையான். இரண்டையும் விட்டுவிட்டு டைல்ஸ் போட்டால், இரண்டு வருடத்தில் அதே டைல்ஸை உடைக்க வேறொருவருக்குக் கூலி கொடுப்பீர்கள்.

கறையானை முதலில் பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதும் அது தின்றுகொண்டிருக்கிறது. தோட்டத்து ஊர்களில் பல தாமான்கள், அதாவது வீடமைப்புப் பகுதிகள், பழைய பால்மரக் (ரப்பர்) காட்டை வெட்டி எழுப்பியவை. வெட்டிய மரத்தின் கட்டையும் வேரும் எத்தனையோ இடத்தில் மண்ணுக்குள்ளேயே கிடந்துவிட்டன, பால்மரத்தையே அரித்துச் சாய்க்கிற கறையான் இனமும் நம் நாட்டு மண்ணில் உண்டு. ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்தக் கதவு நிலையின் அடிப்பாகத்தில், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், குத்திப் பாருங்கள். பெயிண்ட் மட்டும் தோல் மாதிரி நின்று, உள்ளே ஊறின ரொட்டியில் குத்தியது போல இறங்கினால் நிலை போய்விட்டது என்று அர்த்தம். அதைவிட முக்கியமாக, அது அங்கேயே நின்றிருக்காது, சுவரோரமாக ஏறிக் கூரை மரம்வரை போயிருக்கலாம். தயவுசெய்து கடையில் விற்கும் பூச்சி ஸ்பிரேயை வாங்கி அந்தக் கோட்டில் அடித்துவிடாதீர்கள். கண்ணில் பட்டது சாகும், மற்றவை வேறு வழி பிடிக்கும், மண்ணுக்குள் இருக்கும் கூடு அப்படியே இருக்கும். கோட்டைக் கலைக்காமல் விட்டு, கறையான் ஒழிப்பு ஆளைக் கூப்பிடுங்கள். தோலுரிக்க முடியாமல் செய்யும் மருந்து கலந்த இரையை வைத்தால் அதுவே கூட்டுக்குத் தூக்கிப் போகும். சில வாரம், சில சமயம் இரண்டு மூன்று மாதம்கூட ஆகும், பொறுத்துத்தான் ஆக வேண்டும். ஒன்று மறந்துவிடாதீர்கள், வீட்டில் செங்கால் என்கிற கெட்டி மரத்தில் செய்த நிலையோ சன்னலோ இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், அந்த மரம் இன்றைக்கு வாங்குகிற விலையில் இல்லை, இழைத்து எண்ணெய் பூசினால் உங்கள் பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும்.

அடுத்தது கூரை. அந்தக் காலத்து வீடு என்பதால் முதலில் ஒரு எச்சரிக்கை. சாம்பல் நிற அலைத்தகடாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், சீலிங்கில் அடித்த தட்டை சிமெண்டுப் பலகையிலும் இருக்கலாம். முழுசாக இருக்கிறவரை பெரிய தொந்தரவு இல்லை. உடைத்தால், துளை போட்டால், தேய்த்தால், வாட்டர் ஜெட் அடித்தால் கிளம்புகிற தூசிதான் ஆபத்து, அது நுரையீரலில் தங்கி இருபது முப்பது வருடம் கழித்துக்கூட நோயாக வரும். புது விளக்கு வைக்கச் சீலிங்கில் ஓட்டை போட வருகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள். மாற்றுவதாக இருந்தால் நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி, அதற்கென்று உள்ளவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அம்மாவும் பிள்ளைகளும் அன்றைக்கு அந்த வீட்டில் இருக்கவே கூடாது. அப்புறம், தீபாவளியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அக்டோபர், நவம்பரில் நம் பக்கம் சாயங்காலம் ஆனால் இடியோடு கொட்டும், அப்போது கூரையைத் திறந்து போட்டால் கட்டில் மெத்தை எல்லாம் நனையும். ஜூன், ஜூலையில் திறங்கள்.

கூரை திறந்திருக்கும்போதே வயரையும் முடித்துவிட வேண்டும், பிறகு செய்தால் சீலிங்கை இரண்டாம் தடவை பிரிக்க நேரும். 1986இல் அந்த வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ், ஒரு டிவி, மூன்று காற்றாடி இருந்திருக்கும். நீங்கள் ஏர்கோன், வாட்டர் ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் கொண்டு வருவீர்கள். அவற்றைப் பழைய வயரிலும் டேப் சுற்றிய இணைப்பிலும் தொங்கவிடுவது தீயோடு விளையாடுவது. சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிந்த வயர்மேனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வயரில் சிரிம் தர முத்திரை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வாட்டர் ஹீட்டருக்குத் தனி வயர் இழுத்து, மின்சாரம் கசிந்தால் 10 மில்லி ஆம்பியரிலேயே துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்சை வைக்கச் சொல்லுங்கள். ஈரத் தரையில் நின்று குளிக்கிறவரைக் காப்பாற்றுவது அதுதான், நாட்டின் மின்சார விதிமுறையும் ஈரமான இடத்துக்கு அதையே கேட்கிறது.

தண்ணீர்க் குழாய் இரும்பா என்று பாருங்கள். காலையில் முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம், தரையை உடைக்கும் இந்தச் சமயத்திலேயே மாற்றிவிடுங்கள்.

சரி, குசினி. இங்கேதான் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன். எங்கள் அம்மா வீட்டிலும் இப்படித்தான் பின்னால் இழுத்துக் கட்டினோம். குத்தகைக்காரர் மூன்றே வாரத்தில் முடித்துக் கொடுத்தார், எல்லாருக்கும் சந்தோஷம். முதல் வருடம் பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு. அடுத்த மழைக்காலத்தில் அதில் 20 காசு நுழைந்தது. மூன்றாம் வருடம் என் சுண்டுவிரல் நுழைந்தது, மழைத் தண்ணீரும் அதன் வழியாக வந்தது, அம்மா அடுப்புப் பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி வைத்திருந்தார். காரணம் இதுதான்: பழைய வீடு மண்ணில் இறங்க வேண்டியதெல்லாம் எப்போதோ இறங்கி நின்றுவிட்டது, புதுக் கட்டடம் இனிமேல்தான் இறங்கப் போகிறது, இரண்டையும் கம்பி போட்டுக் கட்டினால் இறங்குவது நிற்பதை இழுக்கும். உங்கள் பக்கமோ சதுப்புக் காடும் இளகின மண்ணும் உள்ள பக்கம், இன்னும் கவனம் வேண்டும். கட்டத்தான் வேண்டும் என்றால் தனித் தூண், தனி அஸ்திவாரம், தேவைப்பட்டால் பைலிங் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்), இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டு அதை இளகும் பசையால் அடைத்து மேலே தகடு மூடுவது, இவ்வளவும் வேண்டும். பக்கத்து வீட்டுப் பொதுச்சுவரில் கை வைக்கவே கூடாது. கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகத்தில் பிளான் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகுதான் முதல் செங்கல். என் அபிப்பிராயத்தில் 35,000 வெள்ளியில் இந்த வருடம் குசினி நீட்டல் வேண்டாம். அதில் பாதிக்கு மேல் கூரை, கறையான், வயர், குழாய் என்று போய்விடும், மிச்சத்தில் இருக்கிற குசினியையே நன்றாகச் செய்துகொள்ளலாம்.

பிளான் கொடுக்கச் சொத்துக்காரர் கையெழுத்து வேண்டும் என்பதால் கேட்கிறேன், வீடு இன்னும் அப்பா பெயரில்தானே இருக்கிறது? பணத்தைக் கொட்டும் முன்னால் நில அலுவலகத்தில் சொத்துப் பங்கீட்டு மனுவைக் கொடுத்து, அம்மாவோடும் கூடப்பிறந்தவர்களோடும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.

குத்தகைக்காரருக்குப் பாதிப் பணத்தை முன்பணமாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். பத்து இருபது விழுக்காடு கொடுத்துத் தொடங்கி, வேலை முடிய முடியக் கொடுங்கள், கடைசி பத்தை ஒரு பெருமழை பார்த்த பிறகு கொடுங்கள். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும், கட்டுமானத் துறை வாரியமான சி.ஐ.டி.பி.யில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஏமாந்துவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது, 50,000 வெள்ளிவரை வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம், ஆனால் ரசீதும் ஒப்பந்தமும் கையில் இருக்க வேண்டும்.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். அடுத்த பெருமழை பெய்யும்போது சீலிங் மூடியைத் திறந்து, ஏணியில் நின்றபடியே டார்ச் அடித்துப் பாருங்கள், மேலே ஏறி மிதிக்க வேண்டாம். சொட்டும் இடத்தையும் மரம் ஈரமாக இருக்கும் இடத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கூரைக்காரர் விலை சொல்ல வரும்போது முதலில் அவரிடம் அதைக் காட்டுங்கள்.